அண்ணன் முழுங்காத மாத்திரை



உளுந்து அடிச்சு, தூத்தி, மூட்டை கட்டியாச்சு. களத்துல வேலை ஓய்ஞ்சாதான் எனக்கு எழுத நேரம் கிடைக்கும். இந்தத் தடவை விவசாயம் கொஞ்சம் கம்மி. உடம்பையும் மனசையும் பத்தி ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடக்கு, அதை எழுதிடறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: எங்க ஊர் புவனகிரி பக்கம். கிழக்கே போனா பரங்கிப்பேட்டை கடல், தெக்கே போனா சிதம்பரம், மேற்கே வீராணம் ஏரி. சென்னையில உங்கள்ல பல பேர் வூட்டுக் குழாய்ல வர்ற அதே வீராணம்தான். காவேரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை இது. தண்ணி வரலன்னாலும் கஷ்டம், ஜாஸ்தியா வந்தாலும் கஷ்டம்.

எங்க தெருவுல 40 வூடு இருக்கும். அதுல பாதி வூட்லயாவது ஒருத்தருக்கு சுகரோ பிரஷரோ இருக்கு. முன்னெல்லாம் மாத்திரை வாங்க ஒரு நாள் வேலையை விட்டுட்டு பஸ் ஏறணும். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் மாத்திரை வாசலுக்கே வருது. மகளிர் குழுவுலேருந்து எடுத்த பொண்ணுங்க பையை மாட்டிக்கிட்டு வந்து, பிரஷர் பார்த்து, விரல்ல குத்தி சுகர் பார்த்து, மாத்திரையைக் குடுத்துட்டுப் போறாங்க. 2024-ல ஐக்கிய நாடுகள் சபை விருதே கிடைச்சுது. நல்ல திட்டம், குறை சொல்ல நான் வரல.

ஆனா மாத்திரை வாசல் வரைக்கும் வந்துட்டா வயித்துக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அதை எங்க பெரியப்பா மகன் அண்ணன் விஷயத்துல பார்த்தேன்.

அண்ணனுக்கு வயசு 61. சுகர் வந்து 12 வருஷம். சொந்தமா ரெண்டரை ஏக்கர், குத்தகைக்கு மூணு ஏக்கர். 2024-ல சம்பாவுக்கு சிஆர் 1009 நட்டிருந்தாரு. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. கடலூர்ல தென்பெண்ணை கரை தாண்டி ஊருக்குள்ள வந்ததை டிவியில பார்த்திருப்பீங்க. எங்க பக்கம் ஆறு உடைக்கல, ஆனா வாய்க்கால் வடியாம வயல்ல தண்ணி நின்னுடுச்சு. பத்து நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சப்போ அண்ணன் வயல்ல பயிர் இல்ல, அழுகல் நாத்தம்தான். குத்தகை நெல்லு அளந்தாகணும், நகைக் கடன் வட்டி கட்டியாகணும். மகன் திருப்பூர்ல. 'வந்துடு தம்பி'ன்னு கூப்பிட அவருக்கு மனசு வரல.

அதுலேருந்து மனுஷன் பேச்சைக் குறைச்சுட்டாரு. டீக்கடைக்கு வர்றதில்ல. மாசி மாசம் ஊரே அறுப்பு மிஷினுக்கு அலையுது, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-க்குள்ள இருக்கணும்னு ரோட்டுல நெல்லைக் காய வெச்சுக்கிட்டுக் கெடக்கோம். அண்ணன் திண்ணையில உக்காந்து தெருவைப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. 'வெசனம், சரியாப் போயிடும்'னு ஊர்ல சொன்னாங்க.

இதுக்கு நடுவுல சுகர் ஏறிக்கிட்டே போச்சு. அவர் ரொம்ப வருஷமா டவுன்ல ஒரு தனியார் கிளினிக்ல பார்க்கிறாரு. பேரு வேணாம். ஒரு மாசம் 280, மாத்திரையைக் கூட்டினாங்க. அடுத்த மாசம் 310, இன்னும் கூட்டினாங்க. மூணாவது மாசம் இன்சுலின் போடணும்னாங்க. 'மாத்திரையை முழுங்கறீங்களா?'ன்னு ஒருத்தரும் கேக்கல. 'வூட்ல என்னா நடக்குது?'ன்னும் கேக்கல. கேக்க நேரமும் இல்ல, வெளியில அறுபது டோக்கன் காத்துக்கிட்டு இருக்கும்.

விவசாயம் பண்றவங்களுக்கு இது புரியும். உளுந்து வயல்ல மழைத்தண்ணி தேங்கினா செடி மஞ்சளடிக்கும். அனுபவம் இல்லாதவன் பார்த்தா சத்துக் குறைன்னு யூரியாவைக் கொட்டுவான். இன்னும் மஞ்சளாகும், இன்னும் கொட்டுவான். வேர் மூச்சு விட முடியாமக் கெடக்குது, வேண்டியது வடிகால். அண்ணனுக்கு மூணு மாசமா யூரியா கொட்டிக்கிட்டு இருந்தாங்க.

கண்டுபிடிச்சது எங்க தெருவுக்கு மாத்திரை கொண்டாற பொண்ணுதான். பிளஸ் டூ படிச்ச பொண்ணு, நம்ம தெரு மருமக. ஒருநாள் பழைய அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கு. போன மாசம் குடுத்த அட்டை முழுசா அப்படியே இருக்கு. அண்ணி அலமாரியில தேடினா, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பிரிச்ச மாத்திரையும் பிரிக்காத அட்டையும். முழுங்கற மாதிரி வாயில போட்டுட்டு, கொல்லைப்பக்கம் போய் எடுத்து அந்த பாட்டில்ல போட்டிருக்காரு.

அந்தப் பொண்ணு சத்தம் போடல. திண்ணையில பக்கத்துல உக்காந்து, "மனசு என்னா மாமா பண்ணுது?"ன்னு கேட்டிருக்கு.

ரொம்ப நேரம் கழிச்சு அண்ணன் சொன்னாராம்: "இந்த மாத்திரையப் போட்டு இன்னும் பத்து வருஷம் இருந்து என்னாத்தம்மா பண்ணப் போறேன்?"

அன்னைக்கு சாயங்காலமே அண்ணி ஒரு காரியம் பண்ணாங்க. மாட்டுக் கொட்டாயில இருந்த பூச்சி மருந்து பாட்டிலையெல்லாம் கூடையில போட்டு எங்க வூட்ல கொண்டாந்து வெச்சுட்டாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்கு அது தெரியும்.

பாட்டிலைக் கொண்டு வந்த அண்ணி, மாத்திரை விஷயத்துலயும் கண்டிப்பா நின்னாங்க. அண்ணன் முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னு வாயைத் திறந்து காட்டச் சொன்னாங்க. அங்கதான் வேற வினை வந்துச்சு. முழுங்காத மனுஷனுக்குக் கூட்டிக் கூட்டி எழுதின டோஸ் அது. இப்போ நிஜமாவே உள்ள போகுது. சாப்பாடோ அரை வயிறு. நாலாம் நாள் வெயில்ல வரப்புல நடந்துக்கிட்டு இருந்தவர் உக்காந்துட்டாரு. உடம்பெல்லாம் வேர்வை, வாய்க்கு வந்தபடி உளறல். பக்கத்துல அய்யனார் கோயில். 'காத்து கருப்பு அடிச்சிருச்சு, எலுமிச்சம்பழம் கொண்டாங்கடா'ன்னு ஒருத்தர் கத்தறாரு. தகவல் தெரிஞ்சு அந்தப் பொண்ணு மிஷினோட ஓடியாந்துச்சு. குத்திப் பார்த்தா சுகர் 42. விழுங்கற அளவுக்கு நினைவு இருந்ததால சக்கரைத் தண்ணி குடுத்து, 108-ஐக் கூப்பிட்டோம். சுகர் இறங்கினா மூளைக்கு எரிபொருள் இல்லாமப் போய் இப்படித்தான் உளறல் வருமாம்.

சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அண்ணியும் நானும் ஹார்லிக்ஸ் பாட்டில் கதையைச் சொன்னோம். அவங்க மாத்திரையைக் குறைச்சு எழுதினதோட நிக்கல. ஒரு தாளை எடுத்து ஒன்பது கேள்வி கேட்டாங்க. கடைசி ரெண்டு வாரத்துல எதுலயாவது ஆர்வம் இருந்துச்சா, தூக்கம் எப்படி, பசி எப்படி, தன் மேலயே வெறுப்பு வருதா, செத்துட்டா தேவலைன்னு தோணுதா. ஒவ்வொன்னுக்கும் சைபர்லேருந்து மூணு வரைக்கும் மார்க். மொத்தம் 27. பத்தைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். அண்ணன் 19 எடுத்தாரு.

மனநல டாக்டரைப் பார்க்கணும்னதும் கிளம்பிட்டாரு எங்க அண்ணன். "நான் என்னா பைத்தியமா? கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் போறீங்களா?" அந்தப் பேரைச் சொல்லி சினிமாவுல நாம சிரிச்ச சிரிப்பு எல்லாம் அந்தக் கட்டில் ஓரத்துல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா வற்புறுத்தல. மனநல டாக்டரையே வார்டுக்கு வரச் சொன்னாங்க. அவரும் சுகரைப் பத்திப் பேசறவர் மாதிரிதான் ஆரம்பிச்சாரு, பயிர் போன கதையைக் கேட்டாரு. ஒரே ஒரு மாத்திரை, ராத்திரிக்கு. 'ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் வேலை செய்யும், நடுவுல நிறுத்தாதீங்க'ன்னு அண்ணிக்கு அழுத்திச் சொன்னாரு. தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொன்னாரு. தைராய்டு குறைஞ்சாலும் மனுஷன் சோர்ந்து மூலையில உக்காருவானாம். சுகருக்குப் போடற மெட்பார்மினை வருஷக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு பி12 குறையுமாம், அதுலயும் சோர்வு வருமாம். மனசுன்னு நினைச்சது உடம்பாவும் இருக்கும், உடம்புன்னு நினைச்சது மனசாவும் இருக்கும்.

நம்ம தெருப் பொண்ணுக்கும் போன் பண்ணி, வாரம் ஒருதரம் போய்ப் பாரும்மா, அட்டையை எண்ணு, சுகர் பாரு, தூங்கறாரான்னு கேளு, எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லுன்னாங்க டாக்டரம்மா.

ஆடி மாசம் அண்ணன் மறுபடி மண்வெட்டியைத் தூக்கினாரு. மூணு மாச சராசரி சுகர் 11-க்கு மேல இருந்தது, ஐப்பசியில 7.8. கடன் இன்னும் இருக்கு. அதை எந்த மாத்திரையும் அடைக்காது. ஆனா கடனைப் பத்தி வாயைத் திறந்து பேசறாரு, மகன்கிட்டயும் சொல்லிட்டாரு.

என் மகள் சென்னையில நர்ஸ். அவகிட்ட இதையெல்லாம் சொன்னப்போ, "அப்பா, அந்த டாக்டர் பண்ணது ஒரு முறைப்பா, அதுக்கு டிரெயினிங்கே இருக்கு"ன்னா. அவ சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

சுகர் இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மனசு சோர்ந்தா மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் தவறும். சுகர் ஏறும், ஏறினா மனசு இன்னும் இறங்கும். ரெண்டும் ஒன்னை ஒன்னு இழுத்துக்கிட்டுப் போகுது. ஆனா ஆஸ்பத்திரியில ரெண்டுக்கும் வேற வேற கதவு. அமெரிக்காவுல சியாட்டில்ல வெய்ன் கேட்டன்னு ஒரு மனநல டாக்டர் இதை ஒரே கதவாக்கிப் பார்த்தாரு. நர்சுங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி குடுத்து, சுகரோ இதய நோயோ இருந்து மனச்சோர்வும் இருக்கிற ஆளுங்களை அவங்ககிட்ட ஒப்படைச்சாரு. வாரா வாரம் அந்த நர்சுங்க பெரிய டாக்டருங்களோட உக்காந்து, யாருக்கு இன்னும் சரியாகலன்னு பட்டியலைப் பார்ப்பாங்க. 214 பேர் கலந்துக்கிட்ட அந்த ஆய்வு 2010-ல வெளிவந்துச்சு. இந்த முறையில பார்த்தவங்களுக்கு சுகர், பிரஷர், மனசு எல்லாமே நல்லா இறங்கி வந்திருக்கு.

அது வெளிநாட்டுக் கதைன்னு விட்டுட முடியாது. அதே முறையை நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம்னு 4 இடத்துல பண்ணாங்க. சென்னையில டாக்டர் மோகனோட நீரிழிவு ஆராய்ச்சி மையம். மொத்தம் 404 பேர். டாக்டர் இல்லாத ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து, நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிற வேலையைக் குடுத்தாங்க. சுகர் டாக்டரும் மனநல டாக்டரும் அவங்களோட சேர்ந்து பட்டியலைப் பார்த்து, எதை மாத்தணும்னு சொல்லுவாங்க. முடிவு 2020-ல வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மனசு பாதிக்குப் பாதி தெளிஞ்சு, கூடவே சுகர், பிரஷர், கொழுப்புல ஒன்னாவது இறங்கினவங்க இந்த முறையில 100-க்கு 72 பேர் கிட்ட. வழக்கமான வைத்தியத்துல 57 பேர்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னான்னா, ஒவ்வொரு நோயாளிக்கும் மனநல டாக்டர் நேர்ல வரணும்னு இல்ல. வரவும் முடியாது. நம்ம நாட்டுல லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்ல. 2015-16-ல நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வுல, மனச்சோர்வு இருக்கிறவங்கள்ல 100-க்கு 85 பேருக்கு வைத்தியமே கிடைக்கலன்னு தெரிஞ்சுது. வீராணத்துல மதகைத் திறந்தா மட்டும் என் வயலுக்குத் தண்ணி வந்துடாது. வாய்க்கால் வேணும், கண்ணி வாய்க்கால் வேணும், மடையைத் திருப்ப மண்வெட்டியோட ஒரு ஆள் வேணும். பெரிய டாக்டர் ஏரி. தெருவுல நடக்கிற பொண்ணுதான் கண்ணி வாய்க்கால்.

எங்க மாவட்டத்துக்கு இது புதுசும் இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டைன்னு கடலோரம் முழுக்க அழுகை. அப்போ நிம்ஹான்ஸ்காரங்க கடலோர மாவட்டங்களுக்கு வந்து, ஊர்ல இருக்கிற ஆளுங்களுக்கே துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசறது, யாரை டாக்டர்கிட்ட அனுப்பறதுன்னு பயிற்சி குடுத்தாங்க.

காட்டுமன்னார்கோயில் பக்கம் நடந்தது இன்னொன்னு. சென்னையில 1986-லேருந்து தற்கொலைத் தடுப்பு வேலை பார்க்கிற சிநேகா அமைப்பை ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமாரோட குழு, அங்க 2 ஊர்ல பூச்சி மருந்துக்குன்னு ஒரு பொது அறை கட்டினாங்க. பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கு ஒரு பெட்டி, பூட்டு சாவி. மருந்தை வூட்ல வைக்காம அங்க வைக்கணும், வேணுங்கிறப்போ எடுத்துக்கணும். அந்த ஊர்கள்ல பூச்சி மருந்தால நடந்த சாவு குறைஞ்சுதுன்னு 2013-ல எழுதினாங்க. எங்க அண்ணி கூடையில எடுத்துட்டு வந்ததும் அதே வேலைதான்.

ஏட்டுலயும் இதெல்லாம் இருக்கு. மாவட்ட மனநலத் திட்டம் 1996-லேயே வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருங்களுக்கு மனநலப் பயிற்சி குடுக்கிறதும் அதுல ஒரு வேலை. துணை சுகாதார நிலையங்கள்ல குடுக்கணும்னு மத்திய அரசு வகுத்த 12 சேவையில மனநலமும் ஒன்னு. ஆனா பயிற்சின்னா ஒரு நாள் மண்டபத்துல உக்கார வெச்சு, மதியம் பொட்டலம் சாப்பாடு போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பறது இல்ல. நாத்து விட்டவன் நாத்தைப் பறிச்சு நடற வரைக்கும் கூடவே இருக்கணும். என்னைக் கேட்டா, தெருவுக்கு வர்ற பொண்ணுக்கு நாலு விஷயம் போதும். அட்டையை எண்ணத் தெரியணும். அந்த ஒன்பது கேள்வியை, விசாரணை மாதிரி இல்லாம வூட்டுப் பேச்சு மாதிரி கேக்கத் தெரியணும். கேட்டதை அடுத்த வூட்ல சொல்லக் கூடாதுன்னு தெரியணும், ஒரே தெருவுல இது ரொம்பப் பெரிய விஷயம். நாலாவது, மாசம் ரெண்டு தரமாவது போன்ல ஒரு டாக்டர் அவளோட பட்டியலை வாங்கிப் பார்க்கணும். கேட்டுட்டு என்னா பண்றதுன்னு தெரியாம அவளை அம்போன்னு விட்டா, அடுத்த தரம் அவளும் கேக்க மாட்டா.

அவளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை, குடுக்கிற பணமும் சம்பளம்னு சொல்ற அளவுக்கு இல்ல. கூடுதல் வேலைன்னா கூடுதல் காசும் குடுக்கணும். அதைச் சொல்லாம 'சேவை, சேவை'ன்னு மாலை போடறது எனக்குப் பிடிக்கல.

இன்னொரு பக்கமும் இருக்கு. மனநோய் முத்தினவங்க மத்தவங்களைவிட 10-லேருந்து 20 வருஷம் முன்னாடியே போயிடறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரும்பாலும் இதய நோய் மாதிரி உடம்பு நோயால. சில மனநோய் மாத்திரையே எடையையும் சுகரையும் ஏத்தும். ஆனா அவங்க 'நெஞ்சு வலிக்குது'ன்னு சொன்னா, 'அது சும்மா உளறும்'னு தள்ளிடறோம். எங்க ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில படுத்துக் கெடக்கிற மனுஷனுக்கு இதுவரைக்கும் யாராவது பிரஷர் பார்த்திருப்பாங்களா? போன மாசம் எங்க தெருப் பொண்ணு பார்த்துச்சு. 170-க்கு மேல இருந்துச்சு. இப்போ அவருக்கும் அட்டை எழுதியாச்சு, டீக்கடைக்காரர் காலையில டீயோட மாத்திரையும் குடுக்கிறாரு.

கடைசியா டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஒன்னு. ராத்திரி ஊருக்குப் போன் போடறீங்க. "சாப்ட்டியாப்பா? மாத்திரை போட்டியா?" ரெண்டுக்கும் "ஆச்சு"ன்னு பதில் வரும். எங்க அண்ணனும் மூணு மாசம் மகனுக்கு "ஆச்சு"ன்னுதான் சொன்னாரு. இனிமே கொஞ்சம் கூட நேரம் பேசுங்க. காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு, வயலுக்குப் போனியா, டீக்கடையில யாரு இருந்தா, இதையெல்லாம் கேளுங்க. ஊருக்கு வந்தா மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்க. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட சுகரை மட்டும் சொல்லாம இதையும் சொல்லுங்க. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னா 14416-க்குப் போடுங்க, மத்திய அரசோட டெலி மானஸ், ராத்திரி பகல் எந்நேரமும் காசு இல்லாம தமிழ்லயே பேசலாம்.

நாளைக்குக் கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லியிருக்கு. அண்ணன் வயல்லதான் முதல்ல ஓட்டப் போறோம். எந்தப் பக்கம் வடிகாலை ஆழமா வெட்டணும்னு நேத்தே கோடு போட்டு வெச்சுட்டாரு.